விலாசம் மாறிய கட்டுமரம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைலாசபுரத்தில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். திருச்சிக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: 'பெல்' தொழிற்சாலை ஊழியர்களுக்காக எழுந்த டவுன்ஷிப் அது. நேர்நேரான தெருக்கள், குவார்ட்டர்ஸ், மர நிழல். எந்தப் பக்கம் திரும்பினாலும் நூறு கிலோமீட்டருக்குக் குறையாமல் போனால்தான் கடல்.

அங்கேதான் கடல் பிரச்னை வந்தது!

நண்பரின் மகன், ஆறாம் வகுப்பு. 'தமிழ் உலகுக்குத் தந்த சொற்கள்' என்று பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். 'கட்டுமரம்' என்று தலைப்புப் போட்டு, கீழே அழகாக ஒரு படம் வரைந்திருந்தான். இரண்டு வெள்ளைப் படகுகள் பக்கத்தில் பக்கத்தில், நடுவே ஒரு மேடை, மேலே வானுயரத்துக்கு ஒரு பாய். மியாமி பணக்காரர்கள் குளிர்பானம் உறிஞ்சியபடி போவார்களே, அந்த மாதிரி.

"என்னடா இது?"

"கேட்டமரான், அங்கிள். நெட்ல கட்டுமரம்னு போட்டா இதான் வருது."

ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த அவன் தாத்தா சிரித்துவிட்டார். 'பெல்'லில் முப்பது வருஷத்துக்கு மேல் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கம். "தம்பி, இவன் போட்டிருக்கிறதுல கட்டும் இல்ல, மரமும் இல்ல" என்றார் என்னிடம்.

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால், பையன் மேலும் தப்பில்லை. தப்பு நடந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதுவும் ஒரு தப்பு அல்ல, இரண்டு. அந்த இரண்டாவது தப்பைத் தேடிப் போனால் நீங்கள் பிரேசில் வரை போகவேண்டியிருக்கும். வாருங்கள், முதலில் நம்ம ஊர்க் கரையிலிருந்து கிளம்புவோம்.

கட்டுமரம் என்பது படகே அல்ல. படகு என்றால் என்ன? ஒரு கிண்ணம். தண்ணீரை வெளியே நிறுத்தி, காற்றை உள்ளே வைத்து மிதப்பது. ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. கட்டுமரத்துக்கு 'உள்ளே' என்று ஒன்றே கிடையாது. எடை குறைந்த மரத் துண்டுகள் மூன்றோ, நான்கோ, ஐந்தோ. அல்பீசியா வகை மரங்கள் பெரும்பாலும் கேரளத்து மலைப் பக்கத்திலிருந்து வரும். நடு மரம் நீளம், கொஞ்சம் தாழ்வு. பக்கத்து மரங்கள் அதை அணைத்தாற்போல மேலே ஏறி நிற்கும். முன்பக்கம் கூர்ந்து, அலையை நோக்கி மூக்கைத் தூக்கியிருக்கும். இத்தனையும் சேர்ந்து நிற்பது ஆணியால் அல்ல, கயிற்றால். முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு. முடிந்தது!

திரிகோணமலைக் கப்பல் தளத்தில் தலைமைத் தச்சராக இருந்த ஜான் ஈடி என்ற ஆங்கிலேயர், 1834-ல் வெளியான கட்டுரை ஒன்றில் நம் பக்கத்துக் கலங்களை வகை வகையாக விவரித்திருக்கிறார். கட்டுமரத்துக்கு அவர் கொடுக்கும் அளவு: நீளம் 20 முதல் 25 அடி, அகலம் இரண்டரை முதல் மூன்றரை அடி. அதாவது, உங்கள் வீட்டு வாசல் கதவின் அகலம்தான். அதன் மேல் நின்றுகொண்டு வங்காள விரிகுடாவுக்குள் போய் மீன் பிடித்துவிட்டு வரவேண்டும்.

"அலை அடிச்சா?" என்றான் பையன்.

அலை அடிக்கும். மேலேயே அடிக்கும். அடித்த தண்ணீர் மரங்களுக்கு நடுவே இருக்கும் சந்து வழியாகக் கீழே போய்விடும். இறைக்க வேண்டியதில்லை, மூழ்க வழியில்லை. கவிழ்ந்தால்? புரட்டிப் போட்டுவிட்டு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டியதுதான். ஆட்கள் முழங்கால் வரை ஈரத்திலேயே இருப்பார்கள். சொகுசு என்ற பேச்சுக்கே இடமில்லை.

பெரியவர் இந்த இடத்தில் ஊஞ்சலை நிறுத்தினார். "நான் ஆயுசு பூரா ஜாயின்ட் போட்டவன் தம்பி. பாய்லர் ட்யூப்ல ஊசி முனை அளவு லீக் இருந்தா எக்ஸ்ரே எடுத்து ரிஜெக்ட் பண்ணிடுவான். எங்க ஊர்ல எங்க மாமன் போட்ட ஜாயின்ட்டு முழுக்க லீக்குதான். அந்த லீக்குலதான் பொழச்சாங்க."

அதோடு விட்டாரா? கயிறு ஏன், ஆணி ஏன் இல்லை என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. கரையோரம் உடைகிற அலை மரத்தை முறுக்கும். இறுக்கமான இணைப்பு முறுக்கைத் தாங்காமல் விரிசல் விடும். கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மறுபடி இழுத்துக்கொள்ளும். தவிர, இந்த மரங்கள் நேரம் ஆக ஆகத் தண்ணீர் குடித்துக் கனத்துப் போகும். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் மறுபடி கட்டு. தினமும் பிரித்து தினமும் பூட்டுகிற வாகனம் உலகத்தில் வேறு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

சரி, ஓட்டம் எப்படி?

பாய் முக்கோணம். மூங்கில் மரம் ஒன்றில் ஏற்றுவார்கள். விடியலுக்கு முன் நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும், அதில் வெளியே போவது. பிற்பகலில் கடல் காற்று கரை நோக்கித் திரும்பும், அதில் வீட்டுக்கு வருவது. போக வர டிக்கெட் இலவசம். சிக்கல் பக்கவாட்டுக் காற்றில்தான். அடியில் கீல் கிடையாது என்பதால், பக்கத்திலிருந்து காற்று அடித்தால் மரம் முன்னால் போவதற்குப் பதில் நண்டு மாதிரி ஒதுங்கிக்கொண்டே போகும். அதற்கு ஒரு பலகை. செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறக்கினால் அது கீல் வேலை பார்க்கும். கரை நெருங்கியதும் மேலே உருவிக்கொண்டால், மரம் தட்டை ஆகிவிடும், மணலில் வழுக்கி ஏறும். சுக்கான் கிடையாது, பின்னால் நிற்பவரின் துடுப்புதான் அது. பாரம் கிடையாது, ஆட்களின் உடம்புதான் அது. காற்று அழுத்துகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்று சமன் செய்வார்கள். பாக்கு நீரிணைப் பக்கத்து வள்ளங்களில் இதற்கென்றே குறுக்கே ஒரு நீளப் பலகையை நீட்டி, அதன் நுனியில் ஆள் போய் உட்காருவார். காற்று கூடினால் இன்னும் வெளியே நகர்வார்!

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். எதிர்க்காற்றில் கட்டுமரம் சரியாக ஏறாது. பெரிய சுமை தாங்காது. இரவு தங்க முடியாது. ஆனால், ஒரு வேலையில் அதை அடிக்க ஆளில்லை. துறைமுகமே இல்லாத கரையில், உடைகிற அலையைக் கிழித்துக்கொண்டு போய்விட்டு வருவது.

சென்னை அப்படிப்பட்ட கரைதான். கோட்டை கட்டிய கம்பெனிக்காரர்களுக்கு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஒழுங்கான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகள் கொண்டுவரும். அவை பலகைகளைக் கயிற்றால் தைத்த படகுகள். அலை மோசமான நாட்களில் கரையில் கொடி ஏற்றி, மசூலாக்களையே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கும் போகிற ஒரே வாகனம் கட்டுமரம்தான். கவர்னர் கடிதத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோக வேண்டுமா? கட்டுமரக்காரர் அதைத் தலையில் ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு புறப்படுவார். அலை இழுத்துப் போட்டாலும், நீந்திப் போய் மறுபடி ஏறிக்கொள்வார். தொப்பிக்குள் இருக்கும் கடிதம் நனையாது. கம்பெனியின் கொரியர் சர்வீஸ்!

இந்தக் கரைக்கு 1690-ல் வந்தவர் வில்லியம் டாம்பியர். கடற்கொள்ளை, கடல் ஆராய்ச்சி இரண்டிலும் கைதேர்ந்த விசித்திரப் பிறவி. 1697-ல் வந்த அவருடைய உலகப் பயணப் புத்தகத்தில் சோழமண்டலக் கரையின் மரத் தெப்பங்களைச் சொல்லி, அவற்றை இங்குள்ளவர்கள் 'கேட்டமரான்' என்று அழைப்பதையும் எழுதினார். சொல் கப்பல் ஏறிவிட்டது. பொருள்? அது இங்கேயே மணலில் காய்ந்துகொண்டிருந்தது.

அப்புறம் அந்தச் சொல் பட்ட பாடு இருக்கிறதே... ஆங்கிலேயர்கள் மிதக்கிற எதற்கும் அதைச் சூட்டினார்கள். 1804-ல் நெப்போலியனின் படகுகளை பூலோன் துறைமுகத்தில் தகர்க்க, வெடிமருந்து நிரப்பிய பெட்டிகளை மிதக்கவிட்டார்கள், அதற்குப் பெயர் கேட்டமரான். சண்டைக்காரப் பெண்மணியைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாகவும் அது கொஞ்ச காலம் புழங்கியது. 'கேட்' என்று பூனைச் சத்தத்தோடு ஆரம்பிப்பதால் இருக்கலாம்!

கடைசியில், 1876-ம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க்கில் ஒரு பாய்ப்படகுப் பந்தயம். நதானியேல் ஹெரெஷாஃப் என்ற 28 வயது அமெரிக்கர் 'அமரில்லிஸ்' என்று ஒரு விநோதத்தைக் கொண்டுவந்தார். சுமார் 25 அடி நீளத்தில், ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவே இடைவெளி. மற்ற படகுகள் எல்லாம் பின்னால் எங்கோ நிற்க, இது முன்னால் போய்விட்டது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 'இது படகே இல்லை' என்று புகார். இந்த வகையையே பந்தயங்களிலிருந்து ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மறு வருஷம் ஹெரெஷாஃப் அதற்கு பேடன்ட் வாங்கினார். ஊர் அதை அழைத்த பெயர்: கேட்டமரான்.

பெரியவருக்கு நான் சொன்ன ஒரு தகவல் மிகவும் பிடித்துப்போனது. ஹெரெஷாஃப் தன் இரண்டு உடல்களையும் குறுக்குச் சட்டங்களோடு இறுக்கமாக முடுக்கவில்லை. குண்டும் குழியுமாகப் பொருந்துகிற அசையும் மூட்டுகளை வைத்தார். ஒவ்வொரு உடலும் அலைக்கு ஏற்ப தனித்தனியே ஏறி இறங்கட்டும் என்று. "அப்ப அந்த வெள்ளைக்காரனுக்கும் ஜாயின்ட் தெரிஞ்சிருக்கு" என்று சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டார்.

இரட்டை உடல் படகின் சூட்சுமம் வேறு. இரண்டு கால்களையும் அகல வைத்து நிற்பவனைத் தள்ளுவது கஷ்டம் இல்லையா? அதேதான். அகலமே அதற்கு நிதானம் தருகிறது. அடியில் ஈயப் பாரம் வேண்டாம். உடல் ஒல்லி, தண்ணீரின் தடை குறைவு, வேகம் அதிகம். ஆனால், பெரிய கேட்டமரான் ஒருமுறை தலைகீழானால் அப்படியே கிடக்கும், தானாக நிமிராது. 1876-ல் விரட்டப்பட்ட இந்த வகை, 2013-ல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த அமெரிக்கா கோப்பையில் 72 அடி நீளத்தில், தண்ணீருக்கு மேல் எழும்பியே பறந்தது.

ஆக, உலகம் 'கேட்டமரான்' என்று கொண்டாடுவதற்கும் நம் கட்டுமரத்துக்கும் பெயரைத் தவிர உறவில்லை. 'ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்தை வென்றது கட்டுமரத்தில்தான், அதைப் பார்த்துதான் வெள்ளைக்காரன் கேட்டமரான் செய்தான்' என்று உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். யானை வாசலில் நிற்கிறது என்பதற்காகப் பூனையையும் யானை என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றடி அகலத் தெப்பத்தில் ஒரு படை வங்கக் கடலைத் தாண்ட முடியாது. அதற்கு வேறு கப்பல்கள் இருந்தன.

எப்படித் தெரியும் என்கிறீர்களா? இங்கேதான் கதை திரும்புகிறது.

கி.பி. முதலாம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒரு வணிகர் கிரேக்க மொழியில் கடல் வழிகாட்டி நூல் ஒன்றை எழுதினார். 'பெரிப்ளூஸ்' என்பார்கள். அதில் நம் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் மூன்று வருகின்றன. முதலாவது, கமரா. அது காவிரிப்பூம்பட்டினமாக இருக்கவேண்டும் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அதாவது, ஸ்ரீரங்கத்தை இரு கையாலும் அணைத்துவிட்டுப் போகிற அதே காவிரி கடலைத் தொட்ட இடம். அங்கே நின்ற கலங்களை அந்த வணிகர் பிரித்துச் சொல்கிறார். கரையோரமாகவே போகிறவை சில. கங்கைக்கும் அதற்கு அப்பால் பொன் நாட்டுக்கும் போகிற பெருங்கலங்கள் சில. நடுவில் ஒன்று: ஒற்றை மரத்தில் குடைந்த பெரிய ஓடங்களை நுகத்தடி போட்டாற்போல இணைத்தவை. அவர் எழுதிய பெயர், 'சங்கர'.

நம்முடைய பழைய அகராதிகளைப் புரட்டுங்கள். 'சங்கடம்', 'சங்காடம்' என்று ஒரு சொல் இருக்கும். மனக் கஷ்டம் அல்ல, இது வேறு! இரண்டு ஓடங்களைச் சேர்த்து மேலே தளம் போட்ட தோணி. மலையாளத்தில் 'சங்ஙாடம்'. கேரளத்துக் காயல்களில் வண்டி வாகனங்களை ஏற்றிப் போகிற 'ஜங்கார்' இதன் சொந்தக்காரன்தான். கிரேக்க வணிகர் கேட்டது இந்தச் சொல்லைத்தான் என்று இணைத்துப் பார்க்கிறார்கள்.

புரிகிறதா? பையன் வரைந்தானே இரட்டைப் படகு, அதற்கு நம்மிடம் பெயர் இருந்தது. அது கட்டுமரம் அல்ல, சங்காடம்!

அந்தப் பெயர் எங்கே போனது? அதையும் ஒருவர் கப்பல் ஏற்றினார். இந்த முறை போர்ச்சுகீசியர். மலபாரில் கேட்ட சொல்லை 'ஜங்காடா' என்று வாயில் போட்டுக்கொண்டு, அட்லாண்டிக்கைத் தாண்டி பிரேசிலுக்குப் போனார்கள். அங்கே வடகிழக்குக் கரையில் பூர்வகுடி மீனவர்கள், எடை குறைந்த ஐந்தாறு மரங்களைச் சேர்த்துக் கட்டி, அதில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னாளில் அதில் முக்கோணப் பாய் ஏறியது, நடுவே இறக்குகிற பலகையும் சேர்ந்தது. அச்சு அசலாக நம்ம கட்டுமரம். அதற்கு அவர்கள் வைத்த பெயர்... ஜங்காடா!

நான் படித்தது பி.காம். கணக்கு எழுதுவதில் 'ஈடுசெய் பிழை' என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ராமன் கணக்கில் எழுத வேண்டியதை லட்சுமணன் கணக்கிலும், லட்சுமணனுடையதை ராமனிலும் எழுதிவிடுகிற மாதிரி. டிரையல் பேலன்ஸ் போட்டால் கனகச்சிதமாக டேலி ஆகும். அதனால் யாருக்கும் சந்தேகமே வராது. இங்கே நடந்தது அதுதான். மரத்தைக் கட்டுகிற கலத்தின் பெயர் இரட்டைப் படகுக்குப் போனது. இரட்டைப் படகின் பெயர் மரத்தைக் கட்டுகிற கலத்துக்குப் போனது. இரண்டு தமிழ், மலையாளச் சொற்களும் உலகம் சுற்றின, இரண்டும் தப்பான வீட்டுக் கதவைத் தட்டி உள்ளே போய்க் குடியேறிவிட்டன.

பெயர் மாறினால் என்ன, பிழைப்பு நடந்தால் சரி என்று நீங்கள் சொல்லலாம். பிரேசிலில் நடந்தது.

ஃபோர்டலேசா நகரமும் சென்னை மாதிரிதான். அப்போது நல்ல துறைமுகம் கிடையாது. தூரத்தில் நிற்கும் கப்பலுக்கு ஆளும் சரக்கும் ஜங்காடாவில்தான் போக வேண்டும். அடிமைகளும்! தெற்கே காபித் தோட்டங்களுக்கு விற்ற அடிமைகளை ஏற்றிக் கப்பலில் விட வேண்டியது ஜங்காடாக்காரர்களின் வேலை. 1881 ஜனவரியில் அவர்கள் துடுப்பைக் கீழே வைத்தார்கள். 'இந்தத் துறையில் இனி அடிமை ஏறமாட்டான்.' முன்னால் நின்றவர் பிரான்சிஸ்கோ ஜோசே டோ நாசிமென்டோ, படிப்பறிவு அதிகமில்லாத துறைமுக வழிகாட்டி. கப்பல் நின்றது, மரம் வரவில்லை, வியாபாரம் படுத்தது. 1884-ல் அந்த மாகாணம் அடிமை முறையை ஒழித்தது, நாடு முழுக்க ஒழிவதற்கு நான்கு வருஷம் முன்பே. 'கடலின் டிராகன்' என்று அவருக்குப் பட்டம். ஃபோர்டலேசாவில் இன்றைக்கு ஒரு பெரிய கலாசார மையமே அந்தப் பெயரில் இருக்கிறது.

அதே ஊரிலிருந்து 1941-ல் நான்கு மீனவர்கள் ஒரு ஜங்காடாவில் ரியோ டி ஜெனிரோவுக்குக் கிளம்பினார்கள். திசைகாட்டி இல்லை, எஞ்சின் இல்லை. 61 நாள் பயணம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். எதற்கு? எங்களுக்கும் தொழிலாளர் உரிமை வேண்டும் என்று ஜனாதிபதி வர்காஸை நேரில் பார்த்துக் கேட்க! கேட்டார்கள். அந்தப் பயணத்தைப் படமெடுக்க ஹாலிவுட்டின் ஆர்சன் வெல்ஸ் வந்தார். 1942-ல் படப்பிடிப்பின்போது அலை புரட்டியதில், பயணத்தின் தலைவர் ஜக்காரே கடலில் காணாமல் போனார். 61 நாள் தாங்கியவரை ஒரு படப்பிடிப்பு கொண்டுபோய்விட்டது.

நம் பக்கம்? கட்டுமரம் மெல்ல மெல்லக் கரையேறியது. முதலில் மரம் அரிதானது, விலை ஏறியது. 1980-களில் குமரி மாவட்டம் முட்டத்தில் அதே வடிவத்தைப் பிளைவுட்டில் செய்து பார்த்தார்கள். எஞ்சின் வந்ததும் பாய் சுருண்டது. பிறகு 2004 டிசம்பர் 26. சுனாமி சுருட்டிக்கொண்டு போன கட்டுமரங்களுக்குப் பதிலாக நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். வேகம், தூரம், வசதி எல்லாம் அதிகம். எந்த மீனவரும் பழையதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று நாம் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்வது அயோக்கியத்தனம். ஆனால், காற்றின் பெயரெல்லாம் தெரிந்த கை, எந்த நேரத்தில் பலகையை உருவ வேண்டும் என்று உள்ளங்காலால் அறிந்த கால், இவற்றை எழுதி வைக்க நமக்கு நேரமிருந்தது. கப்பல் தச்சர் ஈடி அளந்து எழுதியதில் கால்வாசிகூட நாம் எழுதவில்லை. நாம் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 'கேட்டமரான்' இருக்கிறது என்று கைதட்டிக்கொண்டிருந்தோம்.

பெரியவர் சொன்னார்: "எங்க மாமன் மரம் கடைசியா ரெண்டாயிரத்து நாலுல போச்சு. அடுத்த வருஷமே ஃபைபர் வந்துடுச்சு. அவரு அதுல ஒரு தடவை ஏறிட்டு, 'கால்ல தண்ணியே படலையேடா'ன்னாரு. அப்புறம் ஏறலை."

பையன் புதுத் தாளை எடுத்தான். தாத்தா சொல்லச் சொல்ல ஐந்து மரங்கள், நடு மரம் நீளம், முன்னால் தூக்கிய மூக்கு, இரண்டு கட்டு, சாய்ந்த பாய். நன்றாகவே வந்தது. மரங்களை ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பாகக் கோடு போட்டு அடைத்துக்கொண்டிருந்தான்.

"அடைக்காதடா" என்று தாத்தா பென்சிலைப் பிடித்துக்கொண்டார். "சந்து விடு. தண்ணி போகணும்ல!"